பைப்புக்குள்ள டமார் டமார்னு சத்தம்: ஸ்டீம் ஹீட்டிங் கேள்வி பதில்

குளிர் ஆரம்பிச்சதுல இருந்து வர்ற கடிதங்கள்ல ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வருது. பழைய வீடு, பேஸ்மென்ட்ல பாய்லர், ரூமுக்கு ரூம் அதோட ஸ்டீமால சூடாகுற வார்ப்பிரும்பு ரேடியேட்டர், ஹீட்டிங் ஓட ஆரம்பிச்சா பைப்புக்குள்ள யாரோ சம்மட்டியால அடிக்கிற மாதிரி சத்தம். இதுதான் வாட்டர் ஹாமர். "பழைய வீடுன்னா அப்படித்தான், பழகிக்கோங்க"ன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேட்காதீங்க. ஒழுங்கா இருக்குற ஸ்டீம் சிஸ்டம் சத்தம் போடாது, காத்தை வெளிய விடுற ஏர் வென்ட்ல லேசா காத்து போற சத்தம் கேக்கும், அதோட சரி. அதனால இந்த தடவை மத்த கேள்விகளை ஒதுக்கி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், நாங்க வாங்கின வீட்டுல ரேடியேட்டருக்கு ஒரே ஒரு பைப் போற ஸ்டீம் சிஸ்டம். விடியக்காலைல ஹீட்டிங் ஆன் ஆன கொஞ்ச நேரத்துல அஞ்சாறு தடவை பயங்கரமா அடிக்குது, அப்புறம் அடங்கிடுது. குழந்தைங்க முழிச்சுக்குறாங்க. பார்க்க வந்த ஒருத்தர் பாய்லரையே மாத்தணும்னு சொல்லிட்டு போயிட்டார். பாய்லர் வெடிச்சுருமோன்னு பயமா இருக்கு. உண்மையிலேயே மாத்தணுமா?

முதல்ல பயத்துக்கு பதில் சொல்லிடுறேன். அந்த சத்தம் பாய்லர் வெடிக்கப்போற சத்தம் இல்லங்க. வீட்டு ஸ்டீம் பாய்லர் ஓடுறது ரொம்ப கம்மியான பிரஷர்ல, சாதாரணமா 2 பிஎஸ்ஐக்கும் (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம்ங்கற கணக்கு) கீழதான், அது மேல 15 பிஎஸ்ஐல தானா திறக்குற சேஃப்டி வால்வ் ஒண்ணு இருக்கும். அந்த வால்வை மட்டும் யாரும் அடைக்கவோ அதோட குழாய்க்கு மூடி போடவோ கூடாது. அதுக்காக சத்தத்தை அப்படியே விட்டுடலாம்னு அர்த்தம் இல்ல, தினமும் அடிச்சுக்கிட்டே இருந்தா ஏர் வென்ட் கெடும், ஜாயின்ட் லீக் ஆகும், ஃபிட்டிங் விரிசல் விடும். பெரிய அளவுல இது என்ன செய்யும்னு தெரியணும்னா 2007 ஜூலை 18-ஐ எடுத்துக்கலாம், நியூயார்க்ல கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல ரோட்டுக்கு அடியில போற ஸ்டீம் பைப் வெடிச்சு ஒருத்தர் இறந்துபோனாங்க. 1924-ல போட்ட பைப் அது. தண்ணிய வெளியேத்த வேண்டிய ட்ராப் அடைச்சுக்கிட்டு, உள்ள தேங்கின தண்ணியால வந்த வாட்டர் ஹாமர்தான் காரணம்னு விசாரணையில வந்துச்சு. அது ஊருக்கே போற ஸ்டீம், பிரஷர் பல மடங்கு அதிகம், உங்க வீட்டு பைப்பை அதோட சேர்த்து பார்த்து பயப்பட வேணாம், ஆனா நடக்குற விஷயம் ரெண்டுலயும் ஒண்ணுதான்.

என்ன நடக்குதுன்னா, பாய்லர்ல 1 லிட்டர் தண்ணி ஆவியானா கிட்டத்தட்ட 1,700 லிட்டர் ஸ்டீம் ஆகுது. அந்த ஸ்டீம் பைப்புக்குள்ள ரொம்ப வேகமா ஓடும். வழியில எங்கயாவது பைப் தொங்கிப்போய் பள்ளத்துல தண்ணி தேங்கி நின்னா, மேல ஓடுற ஸ்டீம் அந்த தண்ணில அலை எழுப்பும், அலை பைப்போட மேல்பக்கத்தை தொட்ட உடனே வழி அடைபடும், அடைச்ச தண்ணிய பின்னாடி வர்ற ஸ்டீம் மொத்தமா தள்ளிக்கிட்டு போய் அடுத்த எல்போவுல, அதாவது பைப் வளையுற இணைப்புல, மோதும். இது ஒரு வகை. இன்னொரு வகை இதைவிட மோசம், கொஞ்சம் ஸ்டீம் ஆறின தண்ணிக்கு நடுவுல மாட்டிக்கும், அது சட்டுனு குளிர்ந்து திரும்ப தண்ணி ஆயிடும், 1,700 பங்கு இடத்துல இருந்தது 1 பங்கா சுருங்கினா நடுவுல வெற்றிடம் வருது, அதை நிரப்ப ரெண்டு பக்கத்து தண்ணியும் பாய்ஞ்சு வந்து மோதும். நீங்க கேக்குற "டமார்" அதுதான். ரெண்டு வகைக்கும் ஆரம்பம் ஒண்ணுதான், நிக்கக்கூடாத இடத்துல தண்ணி நிக்குது. அந்த இடத்தை கண்டுபிடிக்காம பாய்லரை மாத்தினா புது பாய்லரோடயும் அதே சத்தம் வரும்.

கண்டுபிடிக்க ரெண்டு விஷயம் கவனிங்க, எப்ப அடிக்குது, எங்க அடிக்குது. உங்க கடிதத்துலயே முதல் பதில் இருக்கு, ஆன் ஆன கொஞ்ச நேரத்துல அடிச்சுட்டு அடங்கிடுதுன்னு எழுதியிருக்கீங்க, அப்படின்னா பெரும்பாலும் பைப்புல போன தடவை தேங்கின தண்ணி ஆறிப்போய் காத்துக்கிட்டு இருக்கு, புது ஸ்டீம் போய் அதுல மோதுது. ஓட்டத்துக்கு நடுவுல அடிச்சா, தண்ணி பாய்லருக்கு திரும்ப முடியாம தேங்குதா, பாய்லர் தண்ணியையும் சேர்த்து தள்ளுதான்னு பார்க்கணும். பாய்லரோட பர்னர் நின்ன பிறகு அடிச்சா, தண்ணிய பாய்லருக்கு திருப்பி கொண்டுபோற ரிட்டர்ன் பைப்புல வண்டல் அடைச்சு தண்ணி மெதுவா இறங்குதோன்னு சந்தேகப்படலாம். இது கல்லுல எழுதின விதி இல்ல, ஆனா எங்கிருந்து தேட ஆரம்பிக்கணும்னு சொல்லிடும்.

எங்கன்னு கண்டுபிடிக்க ஹீட்டிங் ஆன் ஆகுறப்ப பேஸ்மென்ட்ல போய் நில்லுங்க, பைப்பை தொடாதீங்க, 100 டிகிரி, கை வெந்துரும். சத்தம் இரும்பு வழியா வீடு பூரா போறதால மாடில கேக்குறதை நம்ப முடியாது, பக்கத்துல நின்னு கேட்டாத்தான் இந்த மூலைலதான்னு பிடிபடும். அப்புறம் எல்லாம் ஆறினதும் ரசமட்டத்தை எடுத்துக்கிட்டு அந்த பைப் நெடுக வச்சு வாட்டம் பாருங்க. ஸ்டீமும் தண்ணியும் ஒரே திசைல ஓடுற மெயின் பைப்புக்கு (பாய்லர்ல இருந்து கிளம்புற பெரிய பைப்) 20 அடிக்கு 1 அங்குலமாவது இறக்கம் வேணும், ஸ்டீம் ஒரு திசைலயும் தண்ணி எதிர் திசைலயும் வர்ற பைப்புன்னா 10 அடிக்கு 1 அங்குலம். மெயின்ல இருந்து ரேடியேட்டருக்கு போற கிளை பைப்புக்கு இதைவிட நல்ல சரிவு வேணும், ஏன்னா அதுல ரெண்டும் எதிரெதிரா வருது, பைப்பும் சின்னது. நீளமான பைப்புல ரசமட்டம் மட்டும் போதாது, ஒரு கோடில இருந்து இன்னொரு கோடிக்கு நூல் பிடிச்சு பார்த்தா நடு வயிறு தொங்கியிருக்கறது பளிச்னு தெரியும்.

பெரும்பாலும் என்ன கிடைக்கும்னா, பைப்பை தாங்கிப் பிடிக்கிற ஹேங்கர் ஒண்ணு துருப்பிடிச்சு விட்டிருக்கும், வீடு இத்தனை வருஷத்துல ஒரு பக்கம் இறங்கியிருக்கும், இல்ல யாரோ இடைல பைப்பை மாத்தினப்ப மட்டம் பார்க்காம போட்டிருப்பாங்க. ஹேங்கரை ஏத்திக்கட்டினாலே நிறைய வீட்டுல சத்தம் போயிடும். இன்னொண்ணையும் பாருங்க, பெரிய பைப் சின்ன பைப்பா மாறுற இடத்துல ரெண்டையும் சேர்க்குற ரெடியூசர் நடு மையமா இருந்தா அடிப்பக்கம் ஒரு படி மாதிரி நிக்கும், அதுக்கு முன்னாடி தண்ணி தேங்கியே தீரும், அந்த இடத்துல அடிப்பக்கம் சமமா இருக்குற ரெடியூசர்தான் போடணும். ஏத்திக்கட்டும்போது கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, பழைய திரெட் ஜாயின்ட், ஒரேயடியா நெம்பினா ஒடிஞ்சுரும்.

கேள்வி: அண்ணா வணக்கம். வீடு பூரா அமைதியா இருக்கு, என் பெட்ரூம் ரேடியேட்டர் மட்டும்தான் அடிக்குது. ரூம் ரொம்ப சூடாகுதுன்னு வால்வை பாதி மூடி வச்சிருக்கேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கு தம்பி, பெரும்பாலும் அதேதான். ரேடியேட்டர்ல ஒரே ஒரு பைப்தான் வருதுன்னா அந்த ஒரு வால்வ் வழியாத்தான் ஸ்டீம் உள்ள போகணும், குளிர்ந்த தண்ணி வெளிய வரணும். பாதி மூடினா ஸ்டீம் எப்படியோ நுழைஞ்சுரும், தண்ணிக்கு வெளிய வர வழி இருக்காது, ரேடியேட்டருக்குள்ளயும் வால்வ் வாயிலயும் தேங்கி நிக்கும், அதுல ஸ்டீம் மோதும், சில சமயம் ஏர் வென்ட் வழியா தண்ணி பீச்சியடிக்கும், தரையெல்லாம் துருத்தண்ணி. ஒரு பைப் சிஸ்டத்துல வால்வ் முழுசா திறந்திருக்கணும் இல்ல முழுசா மூடியிருக்கணும், நடுவுல வைக்கவே கூடாது. சூட்டை குறைக்கணும்னா வால்வை விட்டுட்டு ஏர் வென்ட்ல கை வைங்க, காத்தை மெதுவா வெளிய விடுற வென்ட் ஒண்ணு போடுங்க, இல்ல ரூம் சூட்டை பார்த்து தானா மூடுற தெர்மோஸ்டாட்டிக் வால்வை வென்ட்டுக்கு முன்னாடி சேருங்க. காத்து வெளிய போனாத்தானே ஸ்டீம் உள்ள வரும்.

வால்வை முழுசா திறந்த பிறகும் அடிச்சா ரேடியேட்டர் மேல ரசமட்டம் வைங்க. அது வால்வ் பக்கம் சாஞ்சு இருக்கணும், ஏன்னா தண்ணிக்கு அதுதான் வாசல். அத்தனை கனம் ஒரே இடத்துல வருஷக்கணக்கா நின்னா கால் மரத்தரைல அமுங்கிடும், அதுல சாய்வு மாறிப்போகும். வென்ட் பக்கத்து ரெண்டு காலுக்கும் அடியில தகடோ கட்டையோ முட்டு கொடுத்து கால் அங்குலம் தூக்கினா போதும். ஆனா வென்ட் பக்கத்தை மட்டும் தூக்கிட்டு நின்னுடாதீங்க, வால்வ் பக்கத்து காலும் அமுங்கியிருந்தா தரைக்கு அடியில ஓடுற கிளை பைப்பும் கூடவே கீழ அமுங்கி எதிர்ப்பக்கமா சாஞ்சு கிடக்கும், தண்ணி வால்வை தாண்டினதும் மறுபடி அங்க தேங்கும். அப்படி இருந்தா நாலு காலையும் தூக்கி, அதுக்கு மேல வென்ட் பக்கத்துக்கு கொஞ்சம் கூடுதலா தூக்கணும். பாய்லரை நிறுத்தி எல்லாம் ஆறினப்புறம், கூட ஒரு ஆளை வச்சுக்கிட்டு செய்யுங்க, அந்த கனம் கால் மேல விழுந்தா தாங்காது.

இதெல்லாம் சரியா இருந்தும் நிக்கலைன்னா வால்வையே சந்தேகப்படுங்க. பழைய வால்வுகள்ல உள்ள இருக்குற வட்டு தண்டுல இருந்து கழண்டு வாயிலேயே உக்காந்திருக்கும், வெளிய கைப்பிடி முழுசா திறந்து சுத்தும், உள்ள பாதிதான் திறந்திருக்கும்.

கேள்வி: ஐயா, பழைய பாய்லர் ஓடினவரைக்கும் சத்தமே இல்ல. இந்த வருஷம் புது பாய்லர் போட்டோம், போட்ட நாள்ல இருந்து வீடு அதிருது, தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடிக் குழாய்ல தண்ணி குதிகுதின்னு குதிக்குது. போட்டவங்க "புது பாய்லர்ல குறை இல்ல, உங்க பழைய பைப்தான் காரணம்"ங்கறாங்க.

உங்க பழைய பைப் இத்தனை வருஷம் அமைதியா இருந்துச்சுன்னா மாறினது எதுன்னுதான் முதல்ல கேட்கணும். பாய்லரும் அதை சுத்தி போட்ட பைப்பும்தான் மாறியிருக்கு, அதனால தேடலை அங்கிருந்து ஆரம்பிக்கறதுதான் நியாயம்.

கண்ணாடிக் குழாய்ல தண்ணி குதிக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுலயே பாதி விஷயம் இருக்கு. புது பாய்லர் உள்ளயும் புது பைப் திரெட்லயும் எண்ணெய் ஒட்டியிருக்கும், அது தண்ணி மேல படலமா மிதக்கும், கொதிக்கும்போது நுரைச்சுக்கிட்டு எழும்பி, ஸ்டீம் சுத்தமா பிரிய முடியாம தண்ணியையும் இழுத்துக்கிட்டு மெயினுக்கு போயிடும். ஸ்டீம் ஈரமா போனா பைப் எவ்வளவு நேரா இருந்தாலும் அடிக்கும். இதுக்கு ஸ்கிம்மிங்னு ஒரு வேலை இருக்கு, பாய்லரோட தண்ணி மட்டத்துக்கிட்ட இருக்குற ஸ்கிம் வாயை திறந்து, தண்ணி சூடா ஆனா கொதிக்காம இருக்குறப்ப, ரொம்ப மெதுவா தண்ணி விட்டு பென்சில் கனத்துக்கு வழியவிட்டு மேல இருக்குற எண்ணெய மட்டும் வெளிய எடுக்கணும். அவசரப்பட்டு தண்ணிய திறந்துவிட்டா எண்ணெய் கலங்கி உள்ளயே தங்கிடும், அதனால மணிக்கணக்குல ஆகும், ஒரு தடவைல போகலைன்னா திரும்ப செய்யணும். பாய்லர் போட்டவங்க பல பேர் விட்டுடற வேலை இதுதான், கேட்டு வாங்குங்க, உங்க உரிமை அது.

அடுத்தது பாய்லருக்கு மேல இருக்குற பைப். பழைய பாய்லர்கள் பெருசு, தண்ணிக்கு மேல ஸ்டீம் தங்க நல்ல இடம் இருக்கும். இப்ப வர்றது சின்னது, அந்த இடம் உள்ள இல்ல, அதனால தண்ணியையும் ஸ்டீமையும் பிரிக்கிற வேலைய வெளிய இருக்குற ஹெடர் பைப் செய்யுது. தண்ணி மட்டத்துல இருந்து ஹெடர் குறைஞ்சது 24 அங்குலம் மேல இருக்கணும், பாய்லர்ல இருந்து ஏறுற பைப்பெல்லாம் முதல்ல ஹெடர்ல சேரணும், அதுக்கு அப்புறம் வீட்டுக்கு போற பைப்புகள் கிளம்பணும், கடைசில ஈக்வலைசர்னு ஒரு பைப் கீழ இறங்கி பிரிஞ்ச தண்ணிய பாய்லருக்கே திருப்பிவிடணும். ஏறுற ரெண்டு பைப்புக்கு நடுவுல இருந்து வீட்டுக்கு போற பைப்பை எடுத்தா ரெண்டு பக்க ஸ்டீமும் அங்க மோதி தண்ணிய மேல தூக்கிடும். ஹெடரை செம்புல போட்டு ஈயப்பத்து வைக்கிறதும் நல்லது இல்ல, செம்பு இரும்பைவிட அதிகமா விரியும், ஜாயின்ட் தாங்காது, திரெட் போட்ட ஸ்டீல் பைப்தான் சரி. ஒவ்வொரு பாய்லர் கையேட்டுலயும் இந்த பைப்பிங் படம் போட்டே கொடுக்குறாங்க. உங்க பாய்லரை போட்டோ எடுத்து அந்த படத்தோட பக்கத்துல வச்சு பாருங்க, ரெண்டும் ஒத்துப்போகலைன்னா அதை காட்டியே பேசுங்க, அதுக்கு மேல வாக்குவாதம் தேவைப்படாது.

ஈக்வலைசர்ல ரிட்டர்ன் வந்து சேர்ற இடத்துக்கு ஹார்ட்ஃபோர்ட் லூப்னு பேரு. 1919-ல அமெரிக்காவுல ஹார்ட்ஃபோர்ட் பாய்லர் இன்ஷூரன்ஸ் கம்பெனி வற்புறுத்தினதால பரவின ஏற்பாடு, கீழ போற ரிட்டர்ன் பைப் ஓட்டையானாலும் பாய்லர் தண்ணி முழுசா வடிஞ்சு போகாம காப்பாத்தும். அந்த இணைப்பு தண்ணி மட்டத்துக்கு 2 அங்குலமாவது கீழ இருக்கணும், இடைல போடுற நிப்பிள்ங்கற பைப் துண்டு ரொம்ப குட்டையா இருக்கணும். நீளமான நிப்பிள் போட்டா அதுக்குள்ளேயே ஸ்டீம் மாட்டி அடிக்கும், தண்ணி மட்டம் இறங்கினாலும் அதே கதை.

இன்னொரு காரணமும் உண்டு, இதை யாரும் யோசிக்கறது இல்லன்னு எனக்கு ரொம்ப வருத்தம். புது பாய்லரோட தண்ணி மட்டம் பழசைவிட கீழ இருக்கலாம். பழைய மட்டத்துக்கு கீழ எப்பவும் தண்ணியோட இருந்த ரிட்டர்ன் பைப் இப்ப மட்டத்துக்கு மேல வந்து காஞ்சுபோயிருக்கும், வேற வேற மெயினோட கடைசில இருந்து ஸ்டீம் அதுக்குள்ள இறங்கி நடுவுல இருக்குற தண்ணில சந்திக்கும், அடி விழும். பழைய சுவர்ல கறை பாருங்க, பழைய போட்டோ இருந்தா அதுல கண்ணாடிக் குழாய் எந்த உயரத்துல இருந்துச்சுன்னு பாருங்க.

கேள்வி: சார், பேஸ்மென்ட்டை ரூமாக்குறதுக்காக பைப் மேல சுத்தியிருந்த பழைய வெள்ளை உறையை உரிச்சு எடுத்துட்டோம். அப்ப இருந்துதான் சத்தம் வர்ற மாதிரி தோணுது. பிரமையா?

பிரமை இல்லங்க. உறை இல்லாத பைப்புல ஸ்டீம் வழியிலேயே குளிர்ந்து தண்ணி ஆகும், முன்னாடி இருந்ததைவிட பல மடங்கு தண்ணி அந்த பைப்புல ஓடுது, அத்தனை தண்ணிக்கு இருக்குற வாட்டம் போதலை. 1 அங்குல கனத்துக்கு ஃபைபர்கிளாஸ் உறை போடுங்க, எல்போ, T வடிவ இணைப்பு எதையும் விடாம மூடுங்க, சத்தமும் குறையும், எரிபொருளும் மிச்சமாகும்.

ஆனா எனக்கு சத்தத்தைவிட அந்த வெள்ளை உறைதான் கவலையா இருக்கு. பழைய வீடுகள்ல பைப் மேல இருக்குற வெள்ளைச் சாந்து மாதிரி, அட்டை மாதிரி இருக்குற உறை பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். அதோட தூள் மூச்சுல போனா நுரையீரல் நோயும் புற்றுநோயும் வரலாம், அதுவும் பல வருஷம் கழிச்சு. உரிச்ச இடத்தை இனிமே பெருக்காதீங்க, சாதாரண வேக்குவம் போடாதீங்க, குழந்தைங்களை உள்ள விடாதீங்க, மிச்சம் இருக்குற துண்டை லேப்ல கொடுத்து பார்க்க ஒரு லைசென்ஸ் உள்ள ஆளை கூப்பிடுங்க, ஆஸ்பெஸ்டாஸ்னு வந்தா அவங்களே சுத்தம் செஞ்சுட்டு போகட்டும். படிக்கிற மத்தவங்களுக்கும் சொல்றேன், உறை கிழியாம உதிராம நல்லா இருந்தா அது பாட்டுக்கு இருக்கட்டும், கை வைக்காதீங்க.

ரூமாக்குறப்ப உயரம் பத்தலைன்னு பைப்பை தூக்கி மாட்டினீங்களான்னும் ஒரு தடவை யோசிச்சு பாருங்க, வாட்டம் அப்பவே போயிருக்கும். சீலிங் போட்டு மூடுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் முடிச்சுடுங்க.

கேள்வி: வணக்கம் அண்ணா. எங்க வீட்டுல ரேடியேட்டருக்கு ரெண்டு பைப். கடைசி ரூம் சூடாகலைன்னு முன்னாடி இருந்தவங்க பிரஷரை 5 பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்தி வச்சிருக்காங்க. இப்ப ரிட்டர்ன் பைப்புல அடி விழுது, அந்த ரூம் அப்பவும் சூடாகலை.

ரெண்டு பைப் சிஸ்டத்துல ஸ்டீம் ஒரு பைப்ல வரும், தண்ணி இன்னொரு பைப்ல போகும், ரெண்டுக்கும் நடுவுல ரேடியேட்டர் வாயில ஸ்டீம் ட்ராப்னு ஒண்ணு உக்காந்திருக்கும். காத்தும் தண்ணியும் வந்தா திறந்திருக்கும், ஸ்டீம் வந்து தொட்டதும் மூடிக்கும். உள்ள இருக்குற உறுப்பு வருஷங்கள் ஆக ஆக தேஞ்சு பல ட்ராப் திறந்தபடியே நின்னுடும், அப்ப ஸ்டீம் ரிட்டர்னுக்குள்ள பாய்ஞ்சு அங்க ஓடுற ஆறின தண்ணிய சந்திக்கும். உங்க ரிட்டர்ன்ல விழுற அடி இதுதான்னு நினைக்கிறேன். கடைசி ரூம் சூடாகாததுக்கும் இதே காரணமா இருக்கலாம், ரிட்டர்ன்ல ஸ்டீம் நிரம்பிட்டா அந்த ரேடியேட்டர்ல இருக்குற காத்துக்கு வெளிய போக வழி இல்ல, காத்து போகாம ஸ்டீம் எப்படி வரும்.

பிரஷரை ஏத்தினது கெட்டதை இன்னும் கெடுத்திருக்கு. கணக்கு எளிசு, 1 பிஎஸ்ஐ தண்ணிய 28 அங்குலம் மேல தூக்கும். உங்க சிஸ்டத்துல ரிட்டர்ன் வெளிக்காத்தோட திறந்திருந்தா 5 பிஎஸ்ஐக்கு 140 அங்குலம், கிட்டத்தட்ட 12 அடி. பேஸ்மென்ட் உயரமே அவ்வளவு இருக்காது. பாய்லர் தண்ணி ரிட்டர்ன்ல ஏறி நின்னுக்கும், திரும்பி வர வேண்டிய தண்ணி வர முடியாது, பாய்லர்ல மட்டம் இறங்கும். அரை பிஎஸ்ஐல ஆன் ஆகி ஒன்றரைல ஆஃப் ஆகுற மாதிரி வைங்க, பழைய வீடுகளுக்கு அது தாராளம். வச்ச பிறகும் பிரஷர் ஏறிக்கிட்டே போனா, பிரஷரை பார்த்து பர்னரை நிறுத்துற கன்ட்ரோலுக்கு கீழ வளைஞ்சு இருக்குற குட்டிப் பைப்பை, பிக்டெயில்னு சொல்வாங்க, கழட்டி பாருங்க, வண்டல் அடைச்சிருக்கும், கன்ட்ரோலுக்கு பிரஷர் எவ்வளவுன்னே தெரியாம பர்னர் ஓடிக்கிட்டு இருக்கும். பாய்லரை அணைச்சு, ஆறவிட்டு, கரண்டை எடுத்துட்டு கழட்டுங்க. திரும்ப மாட்டும்போது அதுக்குள்ள கொஞ்சம் தண்ணி ஊத்திட்டு மாட்டணும், இல்லைன்னா ஸ்டீம் நேரா கன்ட்ரோலை தொட்டு கெடுத்துரும்.

ட்ராப்பை சோதிக்க சூடு பார்க்குற துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர் ஒண்ணு இருந்தா போதும், ரேடியேட்டர் முழுசா சூடானப்புறம் ட்ராப்புக்கு முன்னாடியும், கொஞ்ச தூரம் தள்ளி ரிட்டர்ன் பைப்லயும் பாருங்க, ரெண்டும் ஒரே கொதியா இருந்தா ட்ராப் போச்சு. ட்ராப்பை முழுசா மாத்த வேணாம், உள் உறுப்பை மட்டும் மாத்தலாம், ஆனா ஒண்ணு ரெண்டை மாத்திட்டு நிறுத்தாதீங்க, கெட்டது ஒண்ணு மிச்சம் இருந்தாலும் ஸ்டீம் அது வழியா ரிட்டர்னுக்குள்ள வந்து புதுசா போட்டதையும் அடிச்சு கெடுக்கும், அதனால எல்லாத்தையும் ஒரே சீசன்ல முடிங்க. மெயின் பைப்போட கடைசில இருக்குற பெரிய வென்ட்டும் வேலை செய்யுதான்னு கையோட பாருங்க.

கேள்வி: எங்க வீட்டுல டமார் இல்ல, டிக் டிக்னு ரொம்ப நேரம் சத்தம். இதுவும் வாட்டர் ஹாமரா?

இல்லங்க. 30 அடி இரும்பு பைப் ரூம் சூட்டுல இருந்து ஸ்டீம் சூட்டுக்கு போனா கிட்டத்தட்ட மூணுல ஒரு அங்குலம் நீளும், நீளும்போது மரச்சட்டத்துலயோ தரை ஓட்டைலயோ உரசும். உரசுற இடத்துல ஓட்டைய கொஞ்சம் பெருசாக்கி, சூடு தாங்குற வழுக்கலான துண்டு வைங்க. ஆபத்து இல்ல.

கேள்வி: ஐயா, கண்ணாடிக் குழாய்ல தண்ணி தினமும் ஏறி மேல முட்டுது, நான் தினமும் வடிச்சு விடுறேன், வடிக்காத அன்னிக்கு பைப் அடிக்குது. தானா தண்ணி விடுற கருவி இருக்கு.

நீங்களே சரியா கவனிச்சிருக்கீங்க. தண்ணி கண்ணாடிக் குழாய்ல பாதிக்கிட்ட இருக்கணும், மேல வரைக்கும் நிரம்பினா ஸ்டீம் பிரிய இடம் இல்லாம தண்ணியையே மெயினுக்குள்ள தள்ளும். தினமும் வடிக்கறது தீர்வு இல்ல, தண்ணி எங்கிருந்து வருதுன்னு பார்க்கணும். ராத்திரி பாய்லரை நிறுத்தி ஆறவிட்டு, தண்ணி வர்ற கை வால்வை இறுக்கி மூடி, கண்ணாடிக் குழாய்ல மட்டத்துக்கு நேரா டேப் ஒட்டிட்டு படுங்க. காலைல மட்டம் அப்படியே இருந்தா அந்த தானியங்கி கருவிதான் கசியுது, மாத்திடுங்க. மூடின பிறகும் ஏறியிருந்தா, உங்க பாய்லருக்குள்ள குளிக்கிற தண்ணிய சூடாக்குற காயில் இருக்கான்னு பாருங்க, அது ஓட்டையாகி வீட்டுத் தண்ணி பிரஷர்ல உள்ள கசிஞ்சுக்கிட்டு இருக்கும். சோதனைய முடிச்சதும் கை வால்வை திரும்ப திறக்க மறந்துடாதீங்க.

மட்டம் ஏறாம, மாறா குறைஞ்சுக்கிட்டே போறவங்களும் இருக்கீங்க, உங்களுக்கும் சேர்த்து சொல்றேன். புதுத் தண்ணி கூடவே ஆக்சிஜன் வரும், அது பாய்லர் இரும்பை உள்ளுக்குள்ள அரிக்கும், அதனால எவ்வளவு தண்ணி சேர்க்குறீங்கன்னு தேதியோட ஒரு நோட்டுல எழுதி வைங்க. வெளிய எங்கயும் ஈரம் தெரியலைன்னா தரைக்கு அடியில புதைஞ்ச ரிட்டர்ன் பைப்தான் முதல் சந்தேகம். அதை தோண்டி எடுக்கணும்னு இல்ல, புதைஞ்சதை அப்படியே விட்டுட்டு சுவர் ஓரமா தரை மட்டத்துல புதுசா ஒண்ணு ஓட்டலாம், கழுவி விட ஒரு வால்வும் சேர்த்து வச்சா வண்டல் தேங்காது. குறைஞ்ச தண்ணிக்கு பாய்லரை நிறுத்துற லோ வாட்டர் கட்ஆஃப், மிதவை வகையா இருந்தா வாரா வாரம் திறந்து சேற்றை வெளியேத்துங்க, அப்படி செய்யறப்ப பர்னர் நிக்குதான்னும் பாருங்க. கண்ணாடிக் குழாய்ல தண்ணியே தெரியாம பர்னர் ஓடிக்கிட்டு இருந்தா உடனே அணைச்சுட்டு முழுசா ஆறவிடுங்க. சூடான பாய்லர்ல பச்சைத் தண்ணிய விட்டா வார்ப்பிரும்பு பிளந்துரும், பாய்லர் மொத்தமா போயிடும்.